மெய்லிங் என்றால் என்ன பொருள்? சீனப் பெண் பெயரை எழுத்திலிருந்து அறியும் முறை: முழுமையான வழிகாட்டி

மெய்லிங் என்ற பெயருக்குப் பொருள் தேடினால் மூன்று விடைகள் கிடைக்கும். ஜேடு கல்லின் அழகிய ஓசை என்று ஒன்று. அழகிய ஆண்டுகள் என்று ஒன்று. ப்ளம் பூக்கும் மலைமுகடு என்று மற்றொன்று. மூன்றுமே உண்மையான சொற்கள்தாம். ஆனால் மூன்றுக்கும் எழுத்துகள் வேறு வேறு. நம் கையில் இருப்பது ஒலி மட்டும் என்பதால்தான் குழப்பம் வருகிறது. சீனப் பெயர் எழுத்தில் குடியிருக்கிறது. எழுத்தைப் பார்க்காமல் பொருள் சொல்பவர் ஊகத்தைத்தான் சொல்கிறார், அது எவ்வளவு அழகாக இருந்தாலும்.

தமிழில் மெய் என்றால் உடல், உண்மை. அதற்கும் இந்தப் பெயருக்கும் தொடர்பில்லை. தற்செயலான ஒலி ஒற்றுமை, அவ்வளவே.

இங்கே மெய்லிங்கை எடுத்துக்காட்டாக வைத்து ஒவ்வொரு படியையும் பார்க்கிறோம். இதே முறை எந்தச் சீனப் பெண் பெயருக்கும் பொருந்தும்.

முதல் படி: எழுத்தைக் கேட்டு வாங்குங்கள்

சீனாவின் பொதுமொழியான மாண்டரினில் அசைகள் மிகக் குறைவு. தொனியை, அதாவது அசையைச் சொல்லும்போது குரல் ஏறி இறங்கும் முறையைக் கணக்கில் எடுக்காவிட்டால் ஏறக்குறைய 400, நான்கு தொனிகளையும் சேர்த்தால் சுமார் 1,300. சீன அரசு 2013-இல் வெளியிட்ட பொதுப் பயன்பாட்டு எழுத்துப் பட்டியலிலோ 8,105 எழுத்துகள். ஓர் ஒலிக்குச் சராசரியாக ஆறு எழுத்துகளாவது போட்டியிடுகின்றன. சில ஒலிகளுக்கு இருபதைத் தாண்டும்.

ஆகவே பெயருக்கு உரியவரிடமே "எழுதிக் காட்ட முடியுமா?" என்று கேளுங்கள். இது மரியாதைக் குறைவு இல்லை; சீனர்களே தங்களுக்குள் இப்படித்தான் கேட்டுக்கொள்கிறார்கள். தொலைபேசியில் என்றால் தெரிந்த சொல்லைத் துணைக்கு அழைத்து விளக்குவார்கள்: "மெய்லீ என்ற சொல்லில் வரும் மெய், லிங்லொங் என்ற சொல்லில் வரும் லிங்." மெய்லீ என்றால் அழகான, லிங்லொங் என்றால் நுண்ணிய வேலைப்பாடு உள்ள, கச்சிதமான. இந்த ஒரு வரி கிடைத்தாலே பாதி வேலை முடிந்தது.

சிங்கப்பூர் அடையாள அட்டையில் சீன எழுத்துகளும் அச்சாகியிருக்கும். கடவுச்சீட்டை மட்டும் வைத்துக்கொண்டு தொடங்காதீர்கள். பல நாட்டுக் கடவுச்சீட்டுகளில் ரோமன் எழுத்து மட்டுமே இருக்கும், தொனிக்குறியும் விழுந்துபோயிருக்கும்.

இரண்டாம் படி: குடும்பப் பெயரைப் பிரித்தெடுங்கள்

சீனத்தில் குடும்பப் பெயர் முன்னால் வரும். பெரும்பாலும் ஓர் எழுத்து. ஓயாங், ஸிமா, ஜூகே போன்ற ஈரெழுத்துக் குடும்பப் பெயர்களும் உண்டு. அதன் பின்னால் வருவது சூட்டிய பெயர், ஓர் எழுத்து அல்லது இரண்டு.

மெய்லிங் என்பது இரண்டு எழுத்து சேர்ந்த ஒற்றைப் பெயர். ரோமன் எழுத்தில் அதைச் சீனாவில் சேர்த்து எழுதுகிறார்கள், தைவானில் நடுவில் சிறுகோடு இடுகிறார்கள், சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் "மெய் லிங்" என்று இடம் விட்டு எழுதுகிறார்கள். இடம் விட்டிருப்பதால் பலர் மெய்யை முதற்பெயராகவும் லிங்கைக் குடும்பப் பெயராகவும் எடுத்துக்கொள்கிறார்கள். "தான் மெய் லிங்" என்பவரை "மிஸ் லிங்" என்று அழைப்பது இந்தப் பிழைதான். அவர் குடும்பப் பெயர் "தான்"; ஆகவே "மிஸ் தான்" என்று அழைக்க வேண்டும்.

குடும்பப் பெயரின் எழுத்துக்கூட்டல் இன்னொரு செய்தியும் சொல்லும். தான், சான், சென் மூன்றும் ஒரே எழுத்து. தென்சீனக் கிளைமொழிகளான ஹொக்கியனில் தான், கேண்டனீஸில் சான்; மாண்டரினில் சென். ஆகவே "தான்" என்று எழுதும் குடும்பத்தின் முன்னோர் ஹொக்கியனோ அதற்கு நெருங்கிய தியோசியூ கிளைமொழியோ பேசியவர்களாக இருக்க வாய்ப்பு மிகுதி. இதைக் குறித்து வையுங்கள், பின்னால் உதவும்.

மூன்றாம் படி: எழுத்தைப் பிரித்துப் பாருங்கள்

மெய்லிங் என்பதை எழுதுவதில் மிகப் பரவலான முறையை எடுத்துக்கொள்வோம். இரண்டு எழுத்துக்கும் தலா 9 கோடுகள். சீனாவில் வழங்கும் எளிய வடிவம், தைவானில் வழங்கும் மரபு வடிவம் என்ற வேறுபாடும் இல்லை. பெய்ஜிங்கிலும் தைப்பேயிலும் ஒரே மாதிரிதான் எழுதுகிறார்கள்.

"மெய்" எழுத்தின் மேலே இரு சிறு கொம்புகள், அடியில் மூன்று கிடைக்கோடுகள், நடுவே ஒரு செங்குத்துக் கோடு: இது ஆடு. அதற்குக் கீழே கைகால் விரித்து நிற்கும் மனித உருவம் போன்ற மூன்று கோடுகள்: இது "பெரிய" என்ற சொல். பெரிய ஆடு எப்படி அழகாயிற்று? கி.பி. 100 வாக்கில் ஷூ ஷென் தொகுத்த ஷுவோவென் ஜியேஸி அகராதி இதற்கு "சுவை" என்று பொருள் தருகிறது. வீட்டு விலங்குகளில் ஆடு உணவுக்கு உரியது, கொழுத்த ஆடு சுவையானது, சுவையிலிருந்து நன்மை, நன்மையிலிருந்து அழகு என்பது அதன் விளக்கம். ஆனால் ஷூ ஷென் பார்த்திராத, அவர் காலத்துக்கும் முந்தைய எலும்புகளில் பொறித்த எழுத்துகள் பிற்காலத்தில் கிடைத்தன. அவற்றில் இந்த எழுத்து தலையில் கொம்போ இறகோ சூடி நிற்கும் மனிதனைப் போல இருக்கிறது. ஆட்டுக் கதையைவிட அலங்கரித்த மனிதன் என்ற விளக்கமே பழைய வடிவத்துக்கு நன்றாகப் பொருந்துகிறது. எப்படியானாலும் பெற்றோர் இந்த எழுத்தைத் தேர்ந்தெடுக்கும்போது ஆட்டை நினைப்பதில்லை. அவர்கள் மனத்தில் இருப்பது அழகு, நன்மை, நிறைவு.

"லிங்" எழுத்துக்கு இடம், வலம் என்று இரண்டு பகுதிகள். இடப்பக்கம் நான்கு கோடுகள். பார்த்தால் "அரசன்" என்ற எழுத்து போலவே இருக்கும். புதிதாகக் கற்பவர்கள் எல்லாரும் விழும் பள்ளம் இது. உண்மையில் அது ஜேடு கல்லைக் குறிக்கும் எழுத்து. இடப்பக்கம் வரும்போது அதன் புள்ளி மறைந்து, அடிக்கோடு மேல்நோக்கிச் சாய்ந்துவிடும். வலப்பக்கத்து ஐந்து கோடுகள் தனியாக நின்றால் "கட்டளை" என்று பொருள். ஆனால் இங்கே அது ஒலியைக் காட்ட மட்டும் வந்திருக்கிறது. இந்த இரண்டையும் அறியாதவர்கள்தாம் மெய்லிங்குக்கு "அரச கட்டளை" என்று பொருள் எழுதிவிடுகிறார்கள். சீன எழுத்துகளில் பெரும்பான்மை இப்படிப் பொருளுக்கு ஒரு பகுதி, ஒலிக்கு ஒரு பகுதி என்று கட்டப்பட்டவை. ஒலிப் பகுதிக்கும் பொருள் சேர்த்துப் படித்தால் இல்லாத கதை முளைக்கும்.

ஷுவோவென் ஜியேஸி லிங் எழுத்துக்குத் தரும் பொருள் இரண்டே எழுத்துகளில் முடிகிறது: ஜேடின் ஓசை. பழங்காலத்து மேன்மக்கள் இடையில் ஜேடு பதக்கங்களைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். நடக்கும்போது அவை ஒன்றோடொன்று மோதி எழுப்பும் மெல்லிய ஓசை நடையின் ஒழுங்கைக் காட்டியது. ஓசை தாறுமாறாக வந்தால் நடை தவறுகிறது என்று பொருள். சடங்கு நூலான லீஜி இதைப் பேசுகிறது. ஆகவே லிங் என்பது வெறும் மணியோசை இல்லை. அடக்கமும் நிதானமும் உள்ள ஒருவர் நடந்துவரும் ஓசை.

ஜேடை "மரகதம்" என்று தமிழில் எழுதுவது தவறு. மரகதம் வேறு கல். கடைகளில் இன்று பார்க்கும் பளிச்சென்ற பச்சை ஜேடு பர்மாவிலிருந்து 18ஆம் நூற்றாண்டில்தான் சீனாவில் பெருமளவு பரவியது. இந்த எழுத்து பிறந்த காலத்தில் போற்றப்பட்டது நெஃப்ரைட் வகைக் கல். அதிலும் மேற்குச் சீனாவின் ஹோத்தான் பகுதி வெண்ணிறக் கல்லுக்குப் பெருமதிப்பு. தமிழில் "ஜேடு" என்றே வைத்துக்கொள்வது நல்லது.

பெண் பெயர்களில் இந்த ஜேடுப் பக்கம் ஏராளம்: லின், ஷான், ஜென், சீ, யாவ் என்று நீளும். இதில் ஒரு பெரிய மாற்றம் ஒளிந்திருக்கிறது. சீனத்தின் பழைய கவிதைத் தொகுப்பான ஷிஜிங்கில், மகன் பிறந்தால் கட்டிலில் கிடத்தி விளையாட ஜேடு தருவார்கள் என்றும், மகள் பிறந்தால் தரையில் கிடத்தித் தக்கிளியின் மண்வில்லையைத் தருவார்கள் என்றும் ஒரு பாட்டு வருகிறது. அன்று மகனுக்கு மட்டும் என்று வைத்த கல், பின்னாளில் மகள்களின் பெயருக்குள் வந்து அமர்ந்தது.

நான்காம் படி: போட்டி எழுத்துகளை விலக்குங்கள்

அதே ஒலியில் வரும் மற்ற எழுத்துகளையும் பார்த்தால்தான் நம் விடை உறுதிப்படும்.

இந்தப் பெயரில் புகழ்பெற்றவர், சீனக் குடியரசின் தலைவராக இருந்த சியாங் காய்ஷேக்கின் மனைவி சோங் மெய்லிங். அவர் பெயரில் இருப்பது ஜேடு லிங் இல்லை. அது பல் என்ற உறுப்பும் அதே "கட்டளை" ஒலிப்பகுதியும் சேர்ந்த எழுத்து; பொருள் வயது, ஆண்டுகள். மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்த்து வயது சொல்பவர்களுக்கு இந்தத் தொடர்பை விளக்க வேண்டியதில்லை. மரபு வடிவத்தில் 20 கோடுகள், எளிய வடிவத்தில் 13. அவருடைய அக்காமார் ஆய்லிங், சிங்லிங் இருவர் பெயரிலும் இதே லிங்தான். உடன்பிறந்தவர் எல்லாருக்கும் ஓர் எழுத்தைப் பொதுவாக வைப்பது பழைய வழக்கம். பல குலங்களில் இந்தத் தலைமுறை எழுத்துகளை ஒரு பாட்டாகவே முன்கூட்டி எழுதி வைத்திருப்பார்கள்; ஒவ்வொரு தலைமுறையும் அடுத்த எழுத்தை எடுத்துக்கொள்ளும். ஆகவே ஒரு பெயரைப் பார்க்கும்போது அக்கா தங்கை பெயரையும் கேளுங்கள். பொதுவாக நிற்கும் எழுத்து குடும்பம் தந்தது, மற்றதுதான் அந்தப் பெண்ணுக்கென்றே தேர்ந்தது.

"ப்ளம் மலைமுகடு" என்பது ஜியாங்ஷி, குவாங்தோங் மாகாணங்களின் எல்லையில் உள்ள மெய்லிங் கணவாயின் பெயர். இரண்டு எழுத்தும் வேறு, தொனியும் வேறு. மெய் என்ற ப்ளம் பூ பெண் பெயர்களில் நிறைய வரும். பனிக்காலத்திலேயே பூப்பதால் அது மனவுறுதிக்கு அடையாளம்; "மென்மையான பூ" என்று மட்டும் எழுதினால் பாதிப் பொருள் போய்விடும்.

இதே ஒலியில் மணி என்ற லிங் (உலோகப் பக்கம் கொண்டது), ஆவி அல்லது நுண்ணறிவு என்ற லிங் ஆகியவையும் பெயர்களில் வரும். கேள்வி எப்போதும் ஒன்றுதான்: எழுத்துக்குள் என்ன உறுப்பு இருக்கிறது?

ஐந்தாம் படி: சரியாகச் சொல்லிப் பழகுங்கள்

ஜேடு மெய்லிங்கில் "மெய்" மூன்றாம் தொனி. அடித்தொண்டையில் தாழ்ந்து நிற்க வேண்டும். "லிங்" இரண்டாம் தொனி, "அப்படியா?" என்று கேட்கும்போது கடைசியில் குரல் ஏறுவதுபோல ஏற வேண்டும். மெய்யையும் ஏற்றிச் சொன்னால் அது ப்ளம் பூ ஆகிவிடும். மேலிருந்து சட்டென்று இறக்கினால் தங்கை.

தமிழர் நாவில் வரும் தவறு வேறு. கடைசி "ங்" ஒலிக்குப் பின்னால் நம்மை அறியாமல் "கு" ஒட்டிக்கொள்ளும்: "லிங்கு". "தங்கம்" என்று தொடங்கி, க வருவதற்கு முன்பே நிறுத்திப் பாருங்கள். அந்த இடம்தான்.

இதே இரு எழுத்துகளைக் கேண்டனீஸிலும் ஏறக்குறைய மெய் லிங் என்றே சொல்வார்கள். ஹொக்கியனில் முதல் எழுத்து "பீ" ஆகிவிடும். சிங்கப்பூரின் பழைய தலைமுறையில் "பீ லெங்" என்று பதிவான பாட்டியும், பேத்தி மெய் லிங்கும் ஒரே எழுத்துகளைப் பகிரக்கூடும். 1979-இல் மாண்டரின் பேசுவோம் இயக்கம் தொடங்கிய பிறகு அங்கே பிள்ளைகளின் பெயர்கள் மாண்டரின் ஒலிக்கு மாறத் தொடங்கின.

ஆறாம் படி: பெயரின் காலத்தைக் கணியுங்கள்

பெயர் பிறந்த ஆண்டைப் பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும். சீனாவில் 1960கள் வரை பிறந்த பெண்களிடையே ஷியூயிங் முன்னணியில் நின்றது. ஷியூ எழுத்தின் தலையில் இருப்பது பயிர்; கதிர் வெளிவருவது என்பதே அதன் பழைய பொருள். யிங் என்றால் பூ, வீரர் என்று இரு பொருள். 1970களில் லீ (அழகு), அடுத்த இருபது ஆண்டுகளில் ஜிங் (அமைதி), 2000களில் திங் (ஒயில்). 2020-இல் பிறந்த பெண் குழந்தைகளுக்கு அதிகம் சூட்டிய பெயர் யீநுவோ: "ஒரு வாக்கு". ஒரு வாக்கு ஆயிரம் பொன்னுக்குச் சமம் என்ற பழமொழியிலிருந்து வந்தது. அமைதியாக இரு, ஒயிலாக இரு என்று சொன்ன பெயர்களுக்குப் பிறகு, சொன்ன சொல் காப்பாற்று என்று ஒரு பெயர் முன்னுக்கு வந்திருப்பது கவனிக்கத்தக்கது. மெய்லிங் தைவானில் இன்றும் மிகப் பரவலான பெயர்தான், ஆனால் அங்கே அது அம்மாக்கள், பாட்டிமார் தலைமுறையின் பெயர்.

வலிக்கும் பெயர்களும் உண்டு. ஜாவ்தி என்றால் "தம்பியை அழைத்து வா". லாய்தி, "தம்பி வருக". தைவானில் வாங்ஷி, "ஏதோ வளர்ப்போம்". நம் ஊரில் "போதும்பொண்ணு" என்று பெயர் வைத்த அதே மனம்தான் அங்கும். இத்தகைய பெயருக்குப் பொருள் கேட்க நேர்ந்தால் சபையில் கேட்காதீர்கள்.

ஏழாம் படி: பாட்டில் இருக்கிறதா என்று தேடுங்கள்

பெண்ணுக்குப் பெயர் ஷிஜிங்கிலிருந்து, ஆணுக்குச் சூத்ஸி என்ற மற்றொரு பழைய கவிதைத் தொகுப்பிலிருந்து என்று ஒரு வழக்குச் சொல் உண்டு. பெயரின் இரண்டு எழுத்தும் ஒரு பழம்பாடலில் அடுத்தடுத்து வந்தால், பொருளை அகராதியில் தேடக்கூடாது. அந்த வரியில் தேட வேண்டும்.

மிகச் சிறந்த எடுத்துக்காட்டு து யோயோ. 1930-இல் நிங்போவில் பிறந்து, மலேரியாவுக்கு ஆர்ட்டிமிசினின் மருந்தைக் கண்டறிந்து 2015-இல் நோபல் பரிசு பெற்றவர். "யோயோ" என்பது மான் கத்தும் ஓசை. ஷிஜிங்கில் மான்கள் யோயோ என்று கூவி, வயலில் ஹாவ் என்ற செடியை மேய்வதாக ஒரு வரி வருகிறது. பிற்காலத்தில் அவர் மருந்து பிரித்தெடுத்த செடியின் பெயர் சிங்ஹாவ்! அகராதியை மட்டும் பார்த்தவருக்கு "மான் கத்தல்" என்பதோடு முடிந்துவிடும். பாட்டு தெரிந்தவருக்கு ஹாவ் செடி வரை கண்ணில் படும். மெய்லிங்கின் லிங்கும் யோயோவும் ஒரே இனம் என்பதையும் பாருங்கள்: இரண்டும் ஓசையைப் பெயராக்கியவை.

எட்டாம் படி: பிறந்த நேரமும் கோட்டுக் கணக்கும்

சில பெயர்களில் பொருளைவிடக் கணிப்பு முக்கியம். பிறந்த ஆண்டு, மாதம், நாள், நேரம் நான்கையும் வைத்து மரம், நெருப்பு, மண், உலோகம், நீர் ஆகிய ஐந்தில் எது குறைகிறது என்று பார்த்து, அந்த உறுப்புள்ள எழுத்தைப் பெயரில் சேர்ப்பார்கள். மூன்று நீர் சேர்ந்த மியாவ் போன்ற எழுத்தைப் பெயரில் பார்த்தால் காரணம் இதுவாக இருக்கலாம்.

கோடுகளை எண்ணிப் பலன் சொல்லும் முறை பழைய சீன மரபு என்று பலர் நம்புகிறார்கள். அது 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஜப்பானில் உருவாகிச் சீனர்களிடையே பரவியது. அந்தக் கணக்கில் எழுத்துகளின் முழு மரபு வடிவத்தையே எண்ண வேண்டும். ஜேடுப் பக்கம் 4 அல்ல, 5. நீர்ப் பக்கம் 3 அல்ல, 4. ஆகவே லிங்குக்கு 10 கோடுகள். கைப்பேசிச் செயலி 9 என்று காட்டினால் கணக்கு முழுவதும் பிசகும்.

மகளுக்குச் சீனப் பெயர் வைக்க விரும்பினால்

முதலில் குடும்ப மூத்தோர் பெயர்ப் பட்டியலை எடுங்கள். நம்மில் பாட்டனின் பெயரைத் தாங்குபவன்தான் பேரன். சீனரிடம் இது நேர் எதிர்: தாத்தா பாட்டி பெயரில் உள்ள எழுத்தைக் குழந்தைக்கு வைப்பது அவமதிப்பு. பேரரசர் பெயருக்கும் இதே தடை இருந்தது. காங்ஷி பேரரசரின் இயற்பெயர் ஷுவான்யே என்பதால், பெய்ஜிங் அரண்மனையின் ஷுவான்வூ வாயிலே ஷென்வூ வாயில் என்று மாறியது.

பிறகு குடும்பப் பெயரோடு சேர்த்து உரக்கச் சொல்லுங்கள். வூ என்ற குடும்பப் பெயர் "இல்லை" என்ற சொல்லின் ஒலியிலேயே, அதே தொனியிலேயே இருக்கிறது. வூ மெய்லிங் என்றால் "அழகில்லாத" என்று காதில் விழும். இதை எழுத்தில் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. இறுதியாக, சீனம் தாய்மொழியான இரண்டு பேரிடமாவது, வெவ்வேறு வயதினரிடம், கேட்டுவிடுங்கள்.

எழுத்தே கிடைக்கவில்லை என்றால்

மலாயாவிலும் சிங்கப்பூரிலும் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சீனப் பெண் குழந்தைகள் பலர் தமிழ்க் குடும்பங்களுக்குத் தத்துக் கொடுக்கப்பட்டுத் தமிழ்ப் பெயரோடு வளர்ந்தார்கள். அவர்களின் பேரப்பிள்ளைகள் கையில் மிஞ்சுவது சில வேளை ஒரு பழைய பிறப்புச் சான்றிதழ் மட்டும். அதிலும் எழுத்தர் காதில் விழுந்தபடி ரோமன் எழுத்தில் எழுதிய பெயர்.

அப்போது செய்ய வேண்டியது இது. குடும்பப் பெயரின் எழுத்துக்கூட்டலை வைத்துக் கிளைமொழியைக் கணியுங்கள். அந்தக் கிளைமொழி அகராதியில் அந்த ஒலிக்குரிய எழுத்துகளைப் பட்டியலிடுங்கள். பெற்றெடுத்த குடும்பத்தார் யாராவது கிடைத்தால் உடன்பிறந்தவர் பெயர்களைக் கேளுங்கள்; பொது எழுத்து ஒன்று வெளிப்படலாம். கல்லறைக் கற்களைப் படமெடுங்கள். அவற்றில் பெயரோடு சொந்த ஊரும், பல வேளை பிள்ளைகளின் பெயர்களும் செதுக்கியிருக்கும். நெடுவரிசையாக மேலிருந்து கீழே படிக்க வேண்டும்.

குலவரலாற்று ஏட்டை நம்பிப் போனால் ஏமாற்றம் வரலாம். பழைய ஏடுகள் பலவற்றில் மகள்களைச் சேர்ப்பதே இல்லை. மருமகள்களையும் "லின் ஷி" என்று, அதாவது லின் குடும்பத்துப் பெண் என்று மட்டும் குறித்தார்கள். அங்கே சூட்டிய பெயர் இருக்காது. கல்லிலும் பழைய கடிதத்திலும் திருமணப் படத்தின் பின்பக்கத்திலும் தேடுங்கள். அதுவரை குடும்ப வரலாற்றில் சான்றிதழில் உள்ள ஒலியை அப்படியே எழுதி, பொருளுக்கான இடத்தை வெற்றிடமாக விட்டுவையுங்கள். தவறான பொருளை ஒருமுறை எழுதிவிட்டால், அடுத்த தலைமுறை அதையே சான்றாக எடுத்துக்கொண்டு தேடுவதை நிறுத்திவிடும்.